பிரேக்குக்குத் துணைவிசை: காற்றழுத்தத்திலிருந்து எண்ணெய் அழுத்தத்துக்கு

மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் எஞ்சின் திடீரென்று நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பிரேக் பெடலை மிதிக்கிறார். முதல் முறை வழக்கம்போல் வேகம் தணிகிறது. காலை எடுத்து மறுபடி மிதிக்கிறார். பெடல் சற்றுக் கனக்கிறது. மூன்றாவது, நான்காவது முறை மிதிக்கையில் அது கல்லைப் போல் இறுகிவிடுகிறது. பிரேக் கெட்டுவிட்டது என்று அவர் நடுங்குகிறார். உண்மையில் பிரேக் கெடவில்லை. பெடலிலிருந்து சக்கரம் வரையுள்ள உறுப்புகள் யாவும் முன்போலவே இருக்கின்றன. இல்லாமற்போனது, இதுகாறும் எஞ்சின் அவருடைய காலுக்கு அளித்துவந்த துணை ஒன்றே.

இந்தத் துணை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்பொழுது வராது என்னும் மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை தரக்கூடிய ஒரு வேலை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. 1960-களிலும் 1970-களிலும் அங்கே உற்பத்தியான பெரிய கார்களைப் பேணிக்காப்போர், அவற்றின் பிரேக்குக்குக் காற்றழுத்தத்தால் கிடைத்துவந்த துணையை நீக்கிவிட்டு, ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் துணை கிடைக்கும்படி மாற்றியமைக்கிறார்கள். அந்தக் கார்கள் நம் நாட்டில் அரிது. ஆயினும் அவற்றில் செயற்படும் தத்துவம் நம் களப்பணியாளர்கள் அன்றாடம் ஏறிச்செல்லும் ஜீப்பிலும் வேனிலும் செயற்படுவதேயாகும்.

துணைவிசை தரும் இவ்வுறுப்புக்குத் தமிழில் ஒரு பெயர் சூட்டலாமென்று முயன்றேன். பட்டறையில் இருப்போர் அனைவரும் அதைப் ‘பூஸ்டர்’ என்றே அழைக்கிறார்கள். சிறுவர்களுக்கும் புரியும் சொல்லாகிவிட்ட அதனை மாற்றப் புகுவது வீண் வேலை எனக் கண்டு, அப்படியே வைத்துக்கொண்டேன்.

முதலில் பிரேக்கின் அடிப்படை. பெடல் ஒரு நெம்புகோல். அது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் திரவத்தை அழுத்துகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் குழாய்களின் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகப் பரவுகிறது. 1921-ல் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் இத்தகைய திரவ பிரேக்குடன் வெளிவந்தது. ஆசிரியர்கள் இதனை விளக்க அதிகச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சு ஒன்றையும் பெரிய சிரிஞ்சு ஒன்றையும் நீர் நிரப்பிக் குறுகிய ரப்பர்க் குழாயால் இணைத்தால் போதும். சிறியதைத் தள்ளும் மாணவன், பெரியதைத் தடுக்க முயலும் மாணவனை எளிதில் வென்றுவிடுவான். ஆனால் அவன் நெடுந்தூரம் தள்ள, பெரியது சிறிது தூரமே நகரும். குழாயில் ஒரு காற்றுக்குமிழியை விட்டுவிட்டுத் தள்ளச் சொன்னால், பிரேக் பெடல் பஞ்சு போல் அமுங்குவதன் காரணமும் தானாகவே விளங்கிவிடும்.

பழைய டிரம் பிரேக்கில் ஒரு வசதி இருந்தது. டிரம் சுழலும் திசையிலேயே அமைந்த ஷூவை அந்தச் சுழற்சியே மேலும் இழுத்து அழுத்தும். டிஸ்க் பிரேக்கில் இவ்வசதி கிடையாது. தகட்டை இருபுறமும் கவ்வும் பேடுகள் எவ்வளவு விசையுடன் தள்ளப்படுகின்றனவோ அவ்வளவுக்குத்தான் பிடிக்கும். இதனால் டிஸ்க் பிரேக் வெப்பத்தைத் தாங்குவதிலும் நேராக நிறுத்துவதிலும் சிறந்ததாயினும், அதற்குத் திரவ அழுத்தம் மிகுதியாக வேண்டும். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க்கைப் பொருத்தியவர்கள் பலரும் அடுத்தபடியாகப் பூஸ்டரைத் தேடிப் போவது இதனாலேதான்.

காற்றழுத்தப் பூஸ்டரின் வரலாறு 1920-களிலேயே தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பெர்ட் தெவாந்தர் என்னும் எஞ்சினியரின் அமைப்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அக்காலத்திலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அமெரிக்கக் கார்களில் இது பரவலானது 1950-களில்தான்.

அதன் அமைப்பு எளியது. தட்டையான இரும்புப் பெட்டி ஒன்றை ரப்பர்ச் சவ்வு இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்பொழுது அதன் உட்புகு குழாயில் குறைவழுத்தம் ஏற்படுகிறது. அந்தக் குழாயுடன் பெட்டி இணைக்கப்பட்டுள்ளது. பெடலை மிதிக்காதபோது இரண்டு அறைகளிலும் ஒரே குறைவழுத்தம். மிதித்தவுடன் ஒரு வால்வு திறந்து, ஓட்டுநர் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று புகுகிறது. அந்தக் காற்று சவ்வைத் தள்ள, சவ்வு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. எஞ்சின் தன் கையால் தள்ளுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒருபுறத்துக் காற்றை அகற்றி வைக்கிறது, தள்ளுவது வாயுமண்டலமே.

கணக்கிட்டுப் பார்ப்போம். சவ்வின் விட்டம் 28 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 615 சதுர சென்டிமீட்டர். எஞ்சின் மெதுவோட்டத்தில் இருக்கையில் குறைவழுத்தம் பாதரச அளவில் 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.65 கிலோகிராம். இரண்டையும் பெருக்கினால் 400 கிலோகிராம் விசை. கட்டுமஸ்தான மனிதர் ஒருவர் தம் முழு எடையுடன் ஏறி நின்றாலும் இதில் கால் பங்கு தேறாது.

ஆனால் வாயுமண்டலத்திடம் பெறும் இக்கடனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கடல் மட்டத்தில் அது சதுர சென்டிமீட்டருக்கு 1.03 கிலோகிராம், உலகில் எந்தப் பம்பும் இதற்குமேல் ஈட்டித்தர இயலாது. ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தமே மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகிவிடுவதால், எவ்வளவு நன்றாக உறிஞ்சினாலும் பூஸ்டர் தரக்கூடிய உச்ச விசையும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். லடாக் போன்ற பிரதேசங்களில் பணியாற்றுவோர் பெடல் சற்றுக் கனமாயிருப்பதை உணர்ந்தால், அதற்குப் பழுதைத் தவிர இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும்.

அமெரிக்கப் பழங்கார்களின் சிக்கல் வேறு விதமானது. சொந்தக்காரர்கள் எஞ்சினின் சக்தியைப் பெருக்குவதற்காகக் காம்ஷாப்டை மாற்றுகிறார்கள். புதிய காம்ஷாப்டில் உட்புகு வால்வும் வெளியேற்று வால்வும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் நேரம் நீண்டது. வேகமாக ஓடுகையில் இது நன்மையே. மெதுவோட்டத்திலோ எரிந்த வாயு உட்புகு குழாய்க்குள் திரும்பி வந்து குறைவழுத்தத்தைக் கெடுக்கிறது. 50 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் 25 கூட இராது. சக்தி மிகுந்த காருக்குத்தான் நல்ல பிரேக் வேண்டும்; அந்தக் காரிலேயே துணைவிசை பாதியாகிவிடுகிறது! போதாக்குறைக்கு, அகலமான புதிய எஞ்சினை வைத்தால் 28 சென்டிமீட்டர்ப் பெட்டிக்கு இடமும் இருப்பதில்லை. டீசல் எஞ்சினில் திராட்டில் வால்வு இல்லையாகையால் பயன்படத்தக்க குறைவழுத்தமே உண்டாவதில்லை. ஆகவேதான் டீசல் வண்டிகள் பலவற்றில் குறைவழுத்தப் பம்பு ஒன்றைத் தனியே வைக்கிறார்கள். நம் ஜீப்புகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறம் அது பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம்.

இந்தக் குறைகளுக்கெல்லாம் ஒரே விடையாக, பெண்டிக்ஸ் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் ‘ஹைட்ரோ-பூஸ்ட்’ என்னும் கருவியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. ஸ்டியரிங்கைத் திருப்பத் துணைசெய்யும் எண்ணெய்ப் பம்பு அந்நாட்டுப் பெரிய கார்களில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பம்பையே பிரேக்குக்கும் பயன்படுத்தினால் என்ன என்பதே இதன் அடிப்படை எண்ணம். பாரம் மிகுந்த வண்டிகளிலும் டீசல் வண்டிகளிலும் இது நிலைபெற்றது. 1996-ல் போர்டு நிறுவனம் தன் மஸ்டாங் காரில் அகலமான புது எஞ்சினை வைத்தபோது, இடநெருக்கடிக்கு இதனையே நாடியது. பழங்கார்களை மாற்றியமைப்போர் பலரும், பழுதாகி ஒதுக்கப்பட்ட இத்தகைய பிற்கால வண்டிகளிலிருந்தே கருவியைக் கழற்றிக்கொள்கிறார்கள்.

கருவி கையடக்கமான வார்ப்பிரும்புக் கட்டிபோல் இருக்கும். அதனுள் முக்கியமானவை இரண்டு: விசைப் பிஸ்டன் ஒன்று, எண்ணெயின் பாதையை மாற்றும் உருளை வால்வு ஒன்று. பெடலை மிதிக்காதபோது, பம்பிலிருந்து வரும் எண்ணெய் உருளை வால்வைக் கடந்து தடையின்றி ஸ்டியரிங் பெட்டிக்குச் செல்கிறது. பெடல் சிறிது நகர்ந்தவுடன் உருளை வால்வு சற்று இடம்பெயர்ந்து அந்த ஓட்டத்தை நெருக்குகிறது. அழுத்தம் உயர்கிறது, உயர்ந்த அழுத்தமுள்ள எண்ணெய் விசைப் பிஸ்டனின் பின்புறம் புகுந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. அதே அழுத்தம் ஒரு பங்கு பெடலையும் எதிர்த்துத் தள்ளுவதால், எவ்வளவு பிரேக் பிடிக்கிறது என்பதைக் கால் உணர்கிறது. காலைத் தளர்த்தினால் உருளை வால்வு பழைய இடத்துக்குத் திரும்ப, பிஸ்டனின் பின்னிருந்த எண்ணெய் தொட்டிக்கு வடிகிறது.

இதன் பம்பு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோகிராமும் அதற்கு மேலும் அழுத்தம் தரவல்லது. மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏழு சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 490 கிலோகிராம். சோற்றுத்தட்டைவிடப் பெரிய சவ்வு செய்த வேலையை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பிஸ்டன் செய்துவிடுகிறது. கடல் மட்டமாயினும் மலையுச்சியாயினும் பம்பின் அழுத்தம் மாறுவதுமில்லை.

மாற்றியமைக்கும் வேலைக்கு வருவோம். கருவியைப் பொருத்துவது பெரிதன்று. குழாய்களைச் சரிவர இணைப்பதிலேதான் கவனம் வேண்டும். பம்பிலிருந்து கருவிக்கு ஓர் உயரழுத்தக் குழாய், கருவியிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்கு மற்றோர் உயரழுத்தக் குழாய், தொட்டிக்குத் திரும்புவதற்குக் கருவியிலிருந்து ஒன்றும் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ஒன்றும். பழைய தொட்டியில் திரும்பு துளை ஒன்றுதான் இருக்கும். அதற்காக இரண்டு திரும்பு குழாய்களையும் ஒன்றாக இணைத்துவிடுவதுண்டு. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து விரைந்து திரும்பும் எண்ணெய் கருவியின் வடிகுழாயில் எதிரழுத்தத்தை உண்டாக்கினால், மிதிக்காமலே பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு துளையுள்ள தொட்டியை வாங்குவது செலவானாலும் அதுவே முறையென்பது என் கருத்து.

அடுத்தது தள்ளுகோலின் நீளம். கருவிக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை போன்ற சிறு இடைவெளி இருக்க வேண்டும். கோல் நீண்டுவிட்டால், பிஸ்டன் ஓய்வுநிலைக்கு முழுவதும் திரும்பாது. சக்கரத்திலிருந்து திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டுவிடும். சூடேறும் திரவம் விரிவடைய வழியின்றிப் பிரேக்கை மேலும் மேலும் இறுக்கும். பட்டறையிலிருந்து நன்றாகவே புறப்பட்ட கார், பத்து மைல் சென்றபின் சக்கரம் புகைந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

மேற்கண்ட இரண்டையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்தக் காரில் இரண்டு திரவங்கள் ஒரு கை தூரத்தில் இருக்கின்றன. மாஸ்டர் சிலிண்டரில் கிளைக்கால் வகையைச் சேர்ந்த பிரேக் திரவம். டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் குறிக்கப்பட்டிருப்பது அதுவே. கருவியிலும் ஸ்டியரிங்கிலும் இருப்பது கனிம எண்ணெய் வகை. இவை ஒன்றுக்கொன்று பகை. பிரேக் உறுப்புகளின் ரப்பர் கப்புகள் கிளைக்கால் திரவத்துக்கென்றே செய்யப்பட்டவை. கனிம எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, மென்மையாகிக் குழைந்துவிடும். கருவியின் ரப்பர் வளையங்களோ பிரேக் திரவம் பட்டால் கெடும். சிறிதளவு எண்ணெய் தவறிப்போய் மாஸ்டர் சிலிண்டரில் ஊற்றப்பட்டாலும், அதிலுள்ள ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றிக் குழாய்களைக் கழுவுவதைத் தவிர வேறு பரிகாரமில்லை. ஒரே புனலை இரண்டுக்கும் உபயோகிப்பது கூடத் தவறு. நம் ஊர்களில் பிரேக் திரவம் கிடைக்காத நேரத்தில் கையிலிருக்கும் எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வண்டி அன்றைக்கு ஓடிவிடும். கேடு சில நாள் கழித்தே வெளிப்படும். மெக்கானிக்கிடமிருந்து கழிக்கப்பட்ட பிரேக் கப் இரண்டைக் கேட்டு வாங்கி, ஒன்றைப் பிரேக் திரவத்திலும் மற்றொன்றை எஞ்சின் எண்ணெயிலும் சில நாட்கள் ஊறவைத்து மாணவர்களைக் கொண்டு விட்டத்தை அளக்கச் செய்யுங்கள். பிரேக் திரவம் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதி. அந்தக் கோப்பையை ஆசிரியரே கையாள வேண்டும்.

இனி, தொடக்கத்தில் கூறிய இறுகிய பெடலுக்குத் திரும்புவோம். காற்றழுத்தப் பூஸ்டரில் ஒருவழி வால்வு ஒன்று இருப்பதால், எஞ்சின் நின்றபின்பும் இரண்டு மூன்று முறை மிதிக்கப் போதுமான குறைவழுத்தம் பெட்டியில் தங்கியிருக்கும். எண்ணெய்ப் பூஸ்டரில் இதற்கீடாக அக்யுமுலேட்டர் என்னும் சிறு குப்பி உண்டு. அதில் நைட்ரஜன் வாயுவோ வலுவான சுருள்வில்லோ எண்ணெயை அழுத்தி வைத்திருக்கும். அதுவும் இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும். அதன்பின் பெடலின் கோல் விசைப் பிஸ்டனினூடே நேராக மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். காலின் பலமே துணை.

அந்தப் பலம் எவ்வளவு அழுத்தம் தரும்? துணைவிசை இல்லாத பழைய காரில் பெடல் நெம்புகோலின் விகிதம் ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று. மாஸ்டர் சிலிண்டரின் துளை ஓர் அங்குலம். கால் 30 கிலோகிராம் அழுத்தினால் திரவ அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோகிராம் ஆகும். பூஸ்டர் வைத்த காரில் விகிதத்தை நாலுக்கு ஒன்றாகக் குறைத்து, துளையை ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, 1⅛ அங்குலமாகப் பெரிதாக்குகிறார்கள். 400 கிலோகிராம் துணையுடன் அதே கால் 80 கிலோகிராமுக்கும் மேல் அழுத்தம் தரும். துணையற்றுப் போனாலோ 19 மட்டுமே. அதாவது, மாற்றியமைத்த கார் துணையிருக்கும்போது இரு மடங்குக்கு மேல் வலியது. துணை போய்விட்டால், பூஸ்டரே இல்லாத பழைய காரின் பாதி வலிமைகூட ஏறத்தாழத்தான். இக்கணக்கை மாற்றியமைக்கும் ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்தாக வேண்டும். விற்பனைக் குறிப்புகளில் முதல் பாதி மட்டுமே காணப்படும்.

எண்ணெய்ப் பூஸ்டரில் வேறொரு சார்பும் சேர்ந்துகொள்கிறது. பம்பைச் சுழற்றும் பெல்ட் அறுந்தாலோ, உயரழுத்தக் குழாய் ஒன்று வெடித்தாலோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கின் துணையும் பிரேக்கின் துணையும் ஒருங்கே போய்விடும். இதனால் இம்முறை தீயதென்று சொல்லவில்லை. பெல்ட்டையும் குழாய்களையும் பார்க்கும் தவணை குறுகியதாக இருக்க வேண்டுமென்பதே பொருள்.

கருவியைக் கழற்றுமுன், எஞ்சினை நிறுத்திப் பெடல் இறுகும் வரை பலமுறை மிதித்து அக்யுமுலேட்டரின் அழுத்தத்தைத் தீர்த்துவிட வேண்டும். மறந்தால் எண்ணெய் உயரழுத்தத்துடன் பீறிடும். புதிதாகப் பொருத்தியபின் காற்றை நீக்குவதற்கு, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்புவார்கள். எண்ணெய் நுரைத்தால் எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கும் வரை ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பொறுமையற்றோர் இங்கேதான் பம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் இத்தகைய மாற்றத்தைக் கருதுவோர் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்து, பதிவு அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பூஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெடல் இறுகும் வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு பெடலை மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். காற்றழுத்தப் பூஸ்டராயின் பெடல் காலின்கீழ்ச் சற்றே தாழும். எண்ணெய்ப் பூஸ்டராயின் தாழ்ந்தபின் காலை மெல்ல எதிர்த்துத் தள்ளும். அசைவே இல்லையென்றால் துணை வரவில்லை என்று பொருள். வண்டியை மெக்கானிக்கிடம் காட்டாமல் வெளியே எடுக்கலாகாது.

இச்சோதனையின் நடுவே, எஞ்சின் அணைந்து பெடல் இறுகியிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், ஓட்டுநர் தம் முழுப் பலத்துடன் அதை ஒருமுறை மிதித்துப் பார்க்கட்டும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளும் ஓட்டுநர்களிடம், இறக்கத்தின் பாதியில் அவர்கள் காலுக்குக் கிடைக்கப்போகும் பெடல் இதுதான் என்று காட்டிவிடலாம். எதிர்பாராமல் எஞ்சின் நின்றுவிட்டாலும், விட்டுவிட்டு மிதித்து மிச்சமுள்ள துணையைத் தீர்த்துவிடாமல், ஒரே மிதியாக மிதித்துக் காலை எடுக்காமல் வண்டியை நிறுத்த வேண்டும்.